காலி மேடை என்னும் செலவில்லாத கொள்கை

பல்கலைக்கழக நாடகத் துறைகளில் ஆண்டுத் தயாரிப்புக்கான முதல் கூட்டம் எப்படி நடக்கும் என்று அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பிரதி வாசித்து முடித்து, யாருக்கு என்ன வேடம் என்ற மனத்தாங்கல்கள் ஓரளவு அடங்கி, டீ வந்து, அப்புறம்தான் பணத்தைப் பற்றிப் பேச்சு வரும். விளக்குகளுக்கு வாடகை கொடுத்தே ஆக வேண்டும். உடைக்குத் துணி எடுத்தே ஆக வேண்டும். இசைக்காரர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. மிச்சம் இருப்பது செட். அந்த இடத்தில் இயக்குநர் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொள்வார். “இந்த நாடகத்துக்கு செட் வேணாம்னு தோணுது. காலி மேடையே போதும். நடிகனோட உடம்புதான் செட்” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பட்ஜெட் தாளில் ஒரு வரி அடிபடும்.

முதலில் மாணவனாக, பிறகு வெளியிலிருந்து கூப்பிடப்படும் ஆளாக, பல வருடங்களாக இந்தத் துறைகளுக்கு மேடை அமைத்துவருகிறேன். அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. முழுப் பொய் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். சில நாடகங்களுக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பணம் இல்லாதபோது மட்டும் அந்த உண்மை எப்படிச் சரியாக நேரத்துக்கு வந்து நிற்கிறது என்பதுதான் உறுத்தல். கொள்கை என்றால் கையில் காசு இருக்கும்போதும் கொள்கையாக இருக்க வேண்டாமா? நிதி உதவி கிடைத்த வருடம், “எங்களுக்குக் காலி மேடை போதும், செட்டுக்கான தொகையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதிக் கொடுத்த துறை எதையும் நான் பார்த்ததில்லை. அந்த வருடம் மட்டும் தூண், படிக்கட்டு, பின்திரையில் வீடியோ எல்லாம் வந்துவிடும்.

இந்த வாக்கியம் நம்மிடம் வந்த வழியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணையா கம்பெனி தொடங்கி நவாப் ராஜமாணிக்கம், ஆர். எஸ். மனோகர் வரை காட்சி ஜோடனைக்காகவே ஜனங்கள் டிக்கெட் எடுத்த மரபு நம்முடையது. அதற்குப் பிறகு சபா நாடகங்களில் ஒரு சோபா, ஒரு டீப்பாய், சுவரில் ஒரு காலண்டர், மாடிக்குப் போவதாக நம்பவேண்டிய நாலு படி என்று செட் சுருங்கிப்போனது. 1977ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறைக்குப் பின் வந்தவர்கள் அந்த சோபாவைத் தூக்கி வெளியே போட்டது தேவையான காரியம்தான். ஆனால் சோபாவைத் தூக்கியவர்களுக்கு எதைத் தூக்குகிறோம் என்று தெரிந்திருந்தது. அடுத்தடுத்து வந்த நாங்கள், தூக்கப்பட்ட பிறகு இருந்த காலியிடத்தை மட்டும் பார்த்து, நவீன நாடகம் என்றால் கறுப்புத் துணி என்று கற்றுக்கொண்டோம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் வைத்தார்கள். அவர் பாட்டுகளை வைத்தே இன்றும் பிழைக்கிற ஸ்பெஷல் நாடகக் கொட்டகைகளில் தர்பார், காடு, வீதி என்று படுதா மாறி மாறி இறங்குகிறது. அந்தப் படுதா எழுதுகிறவர் யாரையும் நாங்கள் படித்த காலத்தில் வகுப்பறைக்குள் பார்த்ததில்லை.

தபசு மரத்தை நட்டது யார்?

காலி மேடைக்காரர்கள் முதலில் சாட்சிக்குக் கூப்பிடுவது தெருக்கூத்தை. “கூத்துல என்ன செட் இருக்கு? ஒரு பெஞ்சு. ரெண்டு பேர் பிடிக்கிற ஒரு திரை. அதுல துரியோதனன் அரண்மனையே வந்துடுது.” இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு இருக்கும். பெஞ்சு உண்மைதான், திரையும் உண்மைதான். ஆனால் அதே வடமாவட்டங்களில், அதே திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு அன்று போய்ப் பாருங்கள். ஊர் கூடி ஒரு நெடுமரத்தை நட்டு, அதில் ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் ஆள் உட்கார இடம் செய்திருப்பார்கள். கூத்தாடி பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார், கீழே பிள்ளை வரம் கேட்டு முந்தானை ஏந்தி நிற்பார்கள். துரியோதனன் மடியும் படுகளத்தன்று மண்ணைக் குவித்து, மைதானத்தில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனைச் செய்வார்கள். மீசையும் கண்ணும் வைத்து, வர்ணம் பூசி, தொடையில் செந்நீர் நிரம்பிய கலயத்தைப் புதைத்து வைத்திருப்பார்கள். பீமன் கதையால் அடிப்பது அந்தத் தொடையைத்தான். இவ்வளவு பெரிய செட்டை எந்தப் பல்கலைக்கழகமும் போட்டதில்லை.

கூத்தில் செட் இல்லை என்று சொல்வது அதைப் பாதி பார்த்த பேச்சு. எங்கே பெஞ்சு போதும், எங்கே ஊரே சேர்ந்து மரம் நட வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். சபையில் வாதாடும்போது பெஞ்சு போதும். தவத்துக்கு உயரம் வேண்டும், அந்த உயரத்தில் ஏறுகிறவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்க வேண்டும். மரம் இல்லாமல் அபிநயத்திலேயே ஏறிவிடலாம்தான். கூத்தில் அபிநயத்துக்கா பஞ்சம்? ஆனாலும் மரம் நடுகிறார்கள்.

இரண்டாவது சாட்சி வெளிநாட்டிலிருந்து வரும். 1968ல் இரண்டு புத்தகங்கள் வந்தன. போலந்தின் குரோட்டோவ்ஸ்கி, நடிகனும் பார்வையாளனும் தவிர மற்றதெல்லாம் நாடகத்துக்கு உபரி என்றார். இங்கிலாந்தின் பீட்டர் புரூக், எந்த வெற்றிடத்தையும் எடுத்து மேடை என்று சொல்லிவிடலாம், ஒருவர் குறுக்கே நடந்துபோக இன்னொருவர் பார்த்தால் போதும் என்று தொடங்கினார். இரண்டும் எங்கள் துறையில் ஜெராக்ஸில் சுற்றின. ஆனால் அந்தப் புத்தகம் வந்த இரண்டே வருடத்தில், 1970ல், ஸ்ட்ராட்ஃபோர்டில் புரூக் ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவைப் போட்டபோது மேடையில் என்ன இருந்தது தெரியுமா? சாலி ஜேக்கப்ஸ் வடிவமைத்த ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. மூன்று பக்கமும் வெள்ளைச் சுவர், பின்சுவரில் வாசல்கள், ஏணிகள், மேலே நடிகர்கள் நின்று பார்க்க ஒரு சுற்றுத்தளம், கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல்கள். காட்டு மரங்களுக்குப் பதில் சுருள்கம்பியைத் தூண்டில் கழியில் கட்டி மேலிருந்து இறக்கினார்கள். வெற்றிடம்தான், ஆனால் அதை ஆள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். குரோட்டோவ்ஸ்கியின் கதையும் அதே. அவரோடு வேலை பார்த்த யெர்ஸி குராவ்ஸ்கி ஒரு கட்டடக் கலைஞர். ஒரு நாடகத்தில் பார்வையாளர்களை உயரமான மரத்தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்து, கீழே நடப்பதை எட்டிப் பார்க்கும்படி செய்தார். அவர் கொள்கையை ‘ஏழை அரங்கு’ என்று நாம் எழுதுகிறோமே, அந்த ஏழைக்கே ஒரு கட்டடக் கலைஞர் கூடவே இருந்தார். இது ஜெராக்ஸ் பக்கங்களில் விட்டுப்போயிருக்கும்.

வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் மட்டும் இந்த வழக்கில் வேறு கட்சி. அரங்கத்துக்கு வராத ஜனங்களிடம் நாடகம் போய்ச் சேர வேண்டும், அதற்குக் கையில் சுமை இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. தெருமுனையில் ஆட நிலைச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே செட்டில்லாமை ஒரு பதில். ஏ.சி. போட்ட கருத்தரங்கக் கூடத்தில், பின்னால் பல்கலைக்கழகச் சின்னம் தெரிய, பொன்னாடை போர்த்தி முடித்த மறுநிமிஷம் அதே மேடையில் நாம் ஆடும்போது, அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்குப் புரிவதில்லை.

ஐந்தடி மூன்று அங்குலம்

இதை வெறும் வாதமாகவே பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஒரு நாடகம் இருக்கிறது. சக மாணவர் ஒருவர் எழுதிய புதுப் பிரதி. அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பா விட்டுப்போன பழைய வீடு, பாகப்பிரிவினை. முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு. நடுவில் ஒரு வாசல். அந்த வாசலைத் தாண்டித்தான் அண்ணன் கிணற்றுக்குப் போக வேண்டும், அதே வாசலைத் தாண்டித்தான் தம்பி தெருவுக்கு வர வேண்டும். கதை அவ்வளவே. பிரதியில் வாசலைப் பற்றி ஒரு வரி வர்ணனைகூடக் கிடையாது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் யாராவது அதன் வழியாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். இயக்கியவர் எங்கள் ஆசிரியர். சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, அதுதான் வாசல் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒரே ஒரு பொருள் கேட்டேன். சுவர் வேண்டாம், கூரை வேண்டாம், ஒரு வாசல் நிலை மட்டும். அதுவும் ரொம்பப் பேசித்தான் கிடைத்தது.

டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றுப்புறத்தில் இடிபடாமல் மிச்சமிருந்த பழைய வீடுகளாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில், “என்ன தம்பி, வீட்டை வெலைக்குக் கேட்டு வந்தீங்களா?” என்று ஒரு பாட்டி விசாரித்தார். நாடகத்துக்கு அளவெடுக்க வந்திருக்கிறேன் என்றதும் அவருக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது. தெருவாசல் சுமாரான உயரம். உள்ளே போகப் போக வாசல்கள் தாழ்ந்துகொண்டே போயின. நடுக்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போகும் வாசல் ஐந்தடி மூன்று அங்குலம். கீழே நிலைப்படி ஏழு அங்குலம். இந்த இரண்டு அளவும் சேர்ந்து மனிதனை ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தவும் காலைத் தூக்கவும் சொல்கின்றன. பாட்டி எனக்கு முன்னால் உள்ளே போனார். ‘மழைக்காலத்துல இந்த ஓரம் ஒழுகும்’ என்றோ என்னவோ பேசிக்கொண்டே போனவர், அந்த வாசலில் குனிந்து, படியைத் தாண்டி, அந்தப் பக்கம் நிமிர்ந்தார். பேச்சு எங்கேயும் அறுபடவில்லை. வாக்கியத்தின் நடுவில் குனிந்தார், அதே வாக்கியத்தின் முடிவில் நிமிர்ந்திருந்தார். வாசலை அவர் பார்க்கவே இல்லை. நான் பின்னாலேயே போய் நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

வரைபடம் அரை அங்குலத்துக்கு ஓரடி என்ற கணக்கில் போட்டேன். மாதிரி செய்வதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையை மிஞ்சிய பொருள் கிடையாது. விறைப்பாக நிற்கும், கத்தரிக்கோலுக்கும் படியும். அதிலேயே ஆட்களையும் வெட்டி நிறுத்தினேன். அண்ணனாக நடித்தவர் நல்ல உயரம், அவருடைய அட்டை உருவம் வாசலுக்குள் நுழையவில்லை. சார் அதை விரலால் தள்ளிப் பார்த்தார். “அளவு தப்பாப் போட்டிருக்கியே.” “இல்ல சார், அதுதான் அளவு.” என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செய்து வரட்டும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

ஆசாரியிடம் போனபோது அடுத்த சண்டை. முழு மரத்தில் செய்தால் நாலு பேர் தூக்க வேண்டும், பணமும் இல்லை. பிளைவுட்டில் உள்ளே கூடாகப் பெட்டி போல் அடித்து, முகப்பில் ஆறங்குல ஆழம் தெரியும்படி காட்டினால் கண்ணுக்குக் கனமான மரமாகத் தெரியும். பார்வையாளர் மரத்தின் கனத்தை எடை போட்டுப் பார்ப்பதில்லை, விளிம்பின் ஆழத்தைத்தான் பார்க்கிறார். “நிலைன்னா மரம் தம்பி. பொட்டியச் செஞ்சு நிலைங்கிறீங்க” என்று அவர் முணுமுணுத்தார். ஆனால் நிலைப்படிக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “மிதிக்கிற எடத்துல பிளைவுட் வேணாம். தொம்முனு கேக்கும்” என்று சொல்லி, பட்டறை மூலையில் கிடந்த பழைய உத்தரத் துண்டு ஒன்றை இழைத்துப் படியாகப் போட்டார். பிறகு மேடையில் அந்தப் படியில் கால் பட்டபோதெல்லாம் வந்த அடங்கிய சத்தத்தைக் கேட்டு, இசையமைத்த பையன் அங்கே வைத்திருந்த மிருதங்கத் தட்டு ஒன்றை எடுத்துவிட்டான்.

நிலை நிற்க வேண்டுமே. இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். தனியாக நிற்கும் நிலைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கலாம், ஆனால் ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வரும் வாசலில் முட்டு எங்கே வைப்பது? ஓரத்து இருக்கைகளிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். கடைசியில் கால்களின் அடியில் இரும்புப் பட்டையைப் பக்கவாட்டில் நீட்டி, அதன் மேல் மணல் மூட்டை வைத்து, மூட்டையை மறைக்க இரண்டு பக்கமும் ஒரு குட்டித் திண்ணை கட்டினோம். நாடகத்தில் தம்பி உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொள்ளும் அந்தத் திண்ணையைப் பலர் பாராட்டினார்கள். அது மணல் மூட்டைக்குப் போட்ட போர்வை. செட் போடுகிறவனின் பெருமையெல்லாம் அது விழாமல் நிற்பதற்கு அப்புறம்தான். 1912ல் மாஸ்கோ கலை அரங்கில் ஹாம்லெட்டுக்காக கார்டன் கிரெய்க் நெடுநெடுவென்று திரைத்தட்டிகளை வடிவமைத்தார். பார்வையாளர் கண்முன்னாலேயே அவை நகர்ந்து இடம் மாற வேண்டும் என்பது அவர் கனவு. நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு தட்டி சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாம் சரிந்ததாக அந்த அரங்கை நடத்திய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எழுதியிருக்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கிரெய்க் கடைசிவரை மறுத்தார். யார் சொன்னது நிஜமோ, அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு நான் எந்தச் செட்டையும் தோளால் ஒரு தடவை இடித்துப் பார்க்காமல் மேடையில் விட்டதில்லை.

வர்ணத்துக்கு முதலாண்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மர ரேகையை மெல்லிய தூரிகையில் அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் தேக்கு. பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் பழுப்பு நிறத் தகரம். மேடை வர்ணம் கிட்டத்தில் அசிங்கமாக இருந்தால்தான் தூரத்தில் மரமாகும். விளிம்புகளில் வெளிறலை ஏற்றி, மூலைகளில் கறுப்பை அப்பி, படியின் நடுவில் மட்டும் தேய்ந்த மாதிரி நிறத்தைச் சுரண்டினோம். அப்போது ஆசாரி வந்து பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் கொஞ்சம் கேட்டார். துணியில் நனைத்து, வலப்பக்க நிலைக்காலில் மார்பு உயரத்துக்கு ஒரு ஜாண் இடத்தை மட்டும் தேய்த்தார். குனிகிறவர் கை வைக்கிற இடம். விளக்குப் போட்டதும் அந்த ஒரு ஜாண் மட்டும் பளபளத்தது. அந்த நிலைக்கு அறுபது வயது கூடிவிட்டது.

நிலை ஒத்திகைக்கு வந்த நாள்

அதுவரை ஒத்திகை சாக்பீஸ் கோட்டில்தான். எல்லோரும் கோட்டைத் தாண்டிப் பழகியிருந்தார்கள். நன்றாகவே நடித்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. உச்சக் காட்சியில் அண்ணன் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்கட்டிலிருந்து ஆவேசமாகப் பின்கட்டுக்குப் பாய்ந்து, தம்பியின் சட்டையைப் பிடித்து, “இது எங்கப்பன் வீடுடா” என்று கத்த வேண்டும். கோட்டைத் தாண்டும்போது அந்தப் பாய்ச்சல் புலி மாதிரி இருக்கும். கடைசி வாரத்தில் நிலை வந்து சேர்ந்தது. முதல் ஓட்டத்திலேயே அதே பாய்ச்சலில் அவர் நெற்றி சட்டத்தில் மோதியது. பிளைவுட் என்பதால் காயம் இல்லை, பெரிய சத்தம்தான். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை. “நடிகனை இடிக்கிற செட் எதுக்கு? அரையடி உயர்த்து” என்றார். உயர்த்தினால் அது வாசல் இல்லை, அலங்கார வளைவு என்றேன். குரல் உயர்ந்தது. நடிகர்தான் நடுவில் புகுந்து, “இன்னொரு தடவை போய்ப் பாக்குறேன் சார்” என்றார்.

இரண்டாவது தடவை அவர் அதே ஆவேசத்தோடு வந்தார். வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அரைக்கணம்தான். கை தானாக நிலைக்காலுக்குப் போனது. தலையைத் தாழ்த்தினார், காலைத் தூக்கினார். அந்தப் பக்கம் தம்பி நின்றுகொண்டிருந்தார். சண்டை போட வந்த அண்ணன் தம்பியின் முன்னால் தலையைக் குனிந்து நுழைகிறான். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அது உள்ளே வந்த கோபமாக இல்லை. வழியில் என்னவோ ஆகியிருந்தது. தம்பியாக நடித்தவர், யாரும் சொல்லாமலேயே, ஓரடி பின்னால் நகர்ந்து அண்ணன் நிமிர இடம் விட்டார். சட்டையைப் பிடிக்க நீண்ட கை பாதியில் நின்றது. “இது எங்கப்பன் வீடுடா” என்ற வசனம் தாமதமாக, கிட்டத்தட்ட கேள்வி மாதிரி வந்தது. அப்பன் கட்டிய வாசலில் அப்பனுக்குக் குனிந்துவிட்டு வந்தவன் சொல்கிற வசனம் அது. பிரதியில் இது இல்லை. சார் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. நானும் இதை நினைத்து அளவெடுக்கவில்லை. பாட்டி வீட்டில் இருந்த அளவு, அவ்வளவுதான்.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “மறுபடி அங்கேருந்து எடு” என்றார். அரையடி உயர்த்தும் பேச்சு அதோடு போயிற்று. அன்று ராத்திரி முழு நாடகத்தையும் வாசலை வைத்தே திரும்பக் கோத்தார். யார் குனிகிறார்கள், யார் குனியும்போது எதிரே யார் இருக்கிறார்கள் என்று. வீட்டை விலைக்குக் கேட்க வரும் புரோக்கர் மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்க்கும்படி வைத்தார். அந்த யோசனை முழுக்க அவருடையது, இன்றுவரை எனக்குப் பொறாமை.

டெம்போவில் ஏறாத நிலை

இத்தோடு முடிந்திருந்தால் ஜெயித்த கட்சியாக நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சில மாதம் கழித்து வேறொரு ஊர்க் கல்லூரியில் அதே நாடகத்துக்கு அழைப்பு வந்தது. கிடைத்தது ஒரு குட்டி யானை. விளக்கு, டிம்மர், உடைப்பெட்டி, வாத்தியம் எல்லாம் ஏறியதும் நிலைக்கு இடமில்லை. அது பசை போட்டுப் பூட்டிய ஒற்றைச் சட்டம், பிரிக்கவும் வராது. சாக்பீஸ் கோட்டிலேயே ஆடிவிடலாம் என்று முடிவானது. நான் பார்வையாளர்களோடு உட்கார்ந்தேன்.

அண்ணன் வந்தார். ஒன்றுமில்லாத இடத்தில் கை போய் நிலைக்காலைப் பிடித்தது. குனிந்தார், காலைத் தூக்கினார், நிமிர்ந்தார். அம்மா, அண்ணி, புரோக்கர் என்று எல்லோரும் அதே உயரத்தில் குனிந்தார்கள். வாசல் அங்கே இருந்தது. தேங்காயெண்ணெய் தடவிய இடம்கூட எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த சார் என் காதில், “பாத்தியா? உன் கட்டை இல்லாமலே வாசல் நிக்குது” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது காட்சியில் தம்பி வந்தார். முதலில் தம்பியாக நடித்தவருக்கு அன்று அரியர் பரீட்சை. பதிலுக்கு ஒரு ஜூனியர் பையன். வசனம் சுத்தம், குரல் அருமை, அசைவுகளைக்கூட வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். அந்த நிலையின் வழியாக அவன் ஒரு தடவையும் நடந்ததில்லை. குனிய வேண்டும் என்று தெரியும், குனியவும் செய்தான். ஆனால் கோட்டுக்கு இரண்டடி முன்னாலேயே குனிந்து, கோட்டின் மேலேயே நிமிர்ந்தான். அடுத்த தடவை வசனத்தின் வேகத்தில் குனியாமலே, முழு உயரத்தில், சட்டத்தைத் துளைத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம், “இப்ப இவன் உள்ள இருக்கானா வெளிய இருக்கானா?” என்று கேட்டார். அதற்கப்புறம் அண்ணன் எவ்வளவு ஒழுங்காகக் குனிந்தாலும் வாசல் திரும்ப நிற்கவில்லை. இடுப்பு வலி வந்தவர் மாதிரி இருந்தது.

திரும்பிவரும் பஸ்ஸில் விடிய விடிய அதே பேச்சு. மற்றவர்கள் நெற்றியில் அடி வாங்கிக் கற்றுக்கொண்டதால்தான் மரம் இல்லாதபோதும் வாசல் நின்றது என்பது என் கட்சி. அந்தப் பையனுக்கு ஒரு வாரம் கிடைத்திருந்தால் மரமே இல்லாமல் சொல்லிக்கொடுத்திருப்பேன், குறை பயிற்சியில்தான் என்பது சாரின் கட்சி. கூத்தில் சின்னப் பிள்ளைகள் எந்தக் கோட்டையை நிஜத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கூத்துப் பிள்ளைகள் விவரம் தெரிந்த நாளிலிருந்து விடிய விடியப் பார்த்து வளர்கிறவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டர். அதிலும் பாதிப் பேர் ஏழடிக் கதவு வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், வீட்டுக்குள் தலையைத் தாழ்த்தி நடக்கும் பழக்கமே கிடையாது. உடம்புதான் செட் என்கிறோம், சரி. அந்த உடம்புக்குள் தாழ்வாசல் எப்போது போய்ச் சேர்ந்தது? 1963ல் இயக்குநர் அல்காஸி டெல்லியில் பெரோஸ் ஷா கோட்லா கோட்டையின் இடிபாடுகளில் ‘அந்தா யுக்’ என்ற இந்தி நாடகத்தை மேடையேற்றியதை எல்லோரும் காட்சிப் பிரமாண்டம் என்று பேசுகிறார்கள். அந்த மேடுபள்ளத்தில், உடைந்த கல்லில் நடந்து நடந்து நடிகர்களின் நடையே மாறியிருக்காதா என்றுதான் எனக்கு யோசனை போகிறது.

ஆகவே என் கட்சியை இப்போது இப்படித்தான் சொல்வேன்: தொழில்முறைக் குழுவுக்கு எப்படியோ, பல்கலைக்கழக நாடகத்தில் செட்டை முதலில் உபயோகிப்பவர் பார்வையாளர் இல்லை, நடிகர். அப்படியானால் அது மேடையேற்றத்தன்று காலையில் வந்து இறங்குவதில் அர்த்தமில்லை. நம் துறைகளில் அது பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. வர்ணம் காயாமல், நடிகர் ஒருவர்கூட ஏறிப் பார்க்காத படிக்கட்டோடு. அப்படி வருகிற செட்டுக்குக் காலி மேடையே மேல். இதில் சாரோடு எனக்குச் சண்டையே இல்லை.

இதெல்லாம் முடிந்தும் அந்த நிலை பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம் கலை ஆர்வம் கிடையாது, தணிக்கை. பொதுவாக நாடகம் முடிந்த மறுநாளே செட்டைப் பிரித்து ஆணியைப் பிடுங்கி மரத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்வோம். இதற்குக் கொடுத்த பில்லில் ஆசாரி ‘கதவு நிலை – 1’ என்று எழுதிவிட்டார். அலுவலகத்தில் அதை நாற்காலி, பீரோ வரிசையில் சரக்குப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள். இனி கழிவு என்று குழு போட்டு எழுதித் தள்ளும்வரை யாரும் ஆணியைத் தொட முடியாது. வருடா வருடம் ஒருவர் வந்து நிலை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார். அழைப்பிதழில் மேடை அமைப்பு என்று என் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆசாரியின் பெயர் வவுச்சரில் ‘வெளிக்கூலி’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

இந்த வருடம் அங்கே நாடகம் இயக்குவது என்னோடு படித்தவர். இவருடைய பிரதியில் வீடே கிடையாது, முழுக்க ஒரு முகாமில் நடக்கிறது. ஆனாலும் முதல் நாள் ஒத்திகையிலிருந்தே அந்த நிலை வேண்டும் என்கிறார். எல்லோரும் அதன் வழியாகவே உள்ளே வந்து வெளியே போகட்டும், உடம்பில் ஏறட்டும், மேடையேற்றத்தன்று தூக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். கேட்கும்போது எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. அன்றைக்குத் தற்செயலாக நடந்ததை இவர் வழிமுறையாகவே ஆக்கிவிட்டார். தூக்கக் கூடாது, இருக்கட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தூக்கினாலும் வைத்தாலும் இந்தத் தடவை பிரித்துப் பூட்டும்படி மாற்றிவிடலாம் என்று ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினோம். எங்கள் வாக்குவாதத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். “வெக்கிறதோ எடுக்கிறதோ, கடைசி நாள்ல சொல்லாதீங்க. போல்ட்டு சைஸ் பாத்து வாங்கணும்” என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்தார்.